என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டபோது யாருக்கும் பெயர் தெரியவில்லை

குழந்தைக்கு மாதம் தவறாமல் சளி, இருமல், மூச்சிரைப்பு என்று டாக்டர் வீட்டுக்கும் மருந்துக் கடைக்கும் அலைந்துகொண்டிருக்கும் அம்மா அப்பாக்கள் யாராவது இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்குள் கடைசியாக எப்போது பூச்சி மருந்து அடித்தார்கள், அதன் பெயர் என்ன என்று உங்களால் சொல்ல முடியுமா? எங்களிடம் ஒரு டாக்டர் இதைக் கேட்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் பணமும் போயிற்று, என் தூக்கமும் போயிற்று. என் மகள் பட்ட பாட்டுக்கு எதைக் கொண்டு ஈடு சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். நானும் மகளும் சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். அப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அந்தப் பக்கம் கொசு எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையறையில் இரவு முழுக்கக் கொசு லிக்விட், ஏசிக்காக ஜன்னல் கதவெல்லாம் அடைப்பு. சாயங்காலம் ஹாலில் கொசுவத்திச் சுருள். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், எல்லோரும் செய்வதுதான். குடிபோன சில வாரத்திலேயே நிலைப்படியிலும் லாஃப்ட் பலகையிலும் கரையான் ஏறியிருப்பது தெரிந்தது. ஓனரிடம் சொன்னேன். அவரே பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களை அனுப்பினார்.

வந்தவர்கள் தரையும் சுவரும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு மருந்தை இறக்கி, வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். மரச் சாமான் எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் பூசினார்கள். போகிற போக்கில் சமையலறையில் கரப்பானுக்கும் ஒரு ஸ்ப்ரே அடித்தார்கள். வீடு முழுக்க மண்ணெண்ணெய் மாதிரி நெடி. குழந்தை இருக்கிறாளே என்று கேட்டேன். "ஒண்ணும் பயமில்ல மேடம், எல்லாம் ஹெர்பல்தான். சாயங்காலம் வந்து படுத்துக்கலாம்" என்றார் அதில் மூத்தவர். பக்கத்துத் தெருவில் தோழி வீட்டில் இருந்துவிட்டு சாயங்காலம் வந்தோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன், கொசு வந்தது, மூடிவிட்டேன். அன்று இரவே மகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், வயிற்றுப்போக்கு. பக்கத்து கிளினிக்கில் வைரல் என்றார்கள். நம்பாமல் இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் அப்போது வைரல் காய்ச்சல்தான்.

அப்புறம் அது விடவே இல்லை. சளி வரும், ஒரு வாரம் ஆன்டிபயாடிக், நான்கு நாள் நன்றாக இருப்பாள், மறுபடி இருமல். இருமல் வீசிங் ஆயிற்று. முழங்கை மடிப்பில், முழங்கால் பின்னால் தோல் சிவந்து சொரசொரத்து, சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். நெபுலைசர் வாங்கினேன். ஒரு தனியார் மருத்துவமனையில் மூச்சுத்திணறலோடு மூன்று இரவு அட்மிட் செய்ததில் மட்டும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு அதிகம், அலர்ஜியில் கூடும் ஐஜிஇ என்ற புரதமும் அதிகம், அலர்ஜி உடம்பு என்றார்கள். எதனால் என்று கேட்டால் தூசி என்றார்கள், பனி என்றார்கள், பரம்பரை என்றார்கள். எதிர்ப்பு சக்திக்கு என்று ஒரு சிரப், அது தீர்ந்ததும் இன்னொன்று. ஒரு லேபில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டி உணவு ஒவ்வாமை டெஸ்ட் எடுத்தோம். அதில் பால், முட்டை, கோதுமை எல்லாம் சிவப்புக் கோட்டில் வந்தன. எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிள்ளை இளைத்துப்போனதுதான் மிச்சம். பிற்பாடு தெரிந்தது, அது ஐஜிஜி வகை டெஸ்ட். குழந்தை எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறதோ அதைத்தான் அது காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. லேபில் இதைச் சொல்ல மாட்டார்கள். உணவு அலர்ஜி டெஸ்ட் என்று யாராவது சொன்னால் அது ஐஜிஇ-யா ஐஜிஜி-யா என்று கேளுங்கள். ஐஜிஜி என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். டாக்டர் சொல்லாமல் குழந்தையின் சாப்பாட்டில் கைவைக்காதீர்கள்.

அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறதா என்று மொபைல் வெளிச்சத்தில் பார்ப்பேன். ஊரிலிருந்து அத்தை போன் பண்ணினால், "தலைக்கு ஊத்துனியா, ஐஸ்கிரீம் குடுத்தியா" என்றுதான் முதல் கேள்வி. அவர் மேல் தப்பில்லை, பேத்தி மேல் உள்ள பாசத்தில் கேட்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று உள்ளே இறங்கும். கணவரிடம் அழுதால் அவர் அங்கே தூங்க மாட்டார் என்று பாதியை மறைத்தேன். கோபம் வரும், யார் மேல் என்று தெரியாது.

மே மாதம் காரைக்குடியில் அம்மா வீட்டுக்குப் போனோம். பழைய வீடு, நடுவில் முற்றம், படுக்கக் கொசுவலை. அம்மா எந்த மருந்தும் வைப்பதில்லை, அவருக்கே நெடி ஆகாது. பத்து நாளில் இருமல் நின்றது. மாத முடிவில் தோல் ஆறிவிட்டது. வெயில் காலம், ஊர்க் காற்று என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஜூனில் சென்னை திரும்பினோம், ஒரு வாரம்கூட ஆகவில்லை, நெபுலைசரை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, பிரச்சினை பிள்ளையிடம் மட்டும் இல்லை, வீட்டிலும் இருக்கிறது என்று.

இதைத்தான் அடுத்து ஒரு அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நுரையீரல் பிரிவில் போய்ச் சொன்னேன். காத்திருப்பு அதிகம், ஆனால் அந்த டாக்டர் அவசரப்படவில்லை. "வீட்ல கொசுவுக்கு என்னம்மா போடுறீங்க? பெஸ்ட் கன்ட்ரோல் எப்ப பண்ணீங்க? என்ன மருந்து?" என்று கேட்டார். முதல் இரண்டுக்குப் பதில் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. பில்லைத் தேடி எடுத்தால் "கெமிக்கல் ட்ரீட்மென்ட்" என்று மட்டும் இருந்தது. ஓனருக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் ஆபீசில் கேளுங்கள், சூப்பர்வைசரைக் கேளுங்கள் என்று சுற்ற விட்டார்கள். கடைசியில் அன்று வந்த பையன்களில் ஒருவர்தான், "அக்கா, கரையானுக்குப் போட்டது குளோர்பைரிபாஸ் இருபது சதவீதம். சமையலறைல அடிச்சது சைபர்மெத்ரின்" என்று சொன்னார். அந்தப் பையனும் முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார், அது இப்போதும் மனதை உறுத்துகிறது.

குளோர்பைரிபாஸ் என்பது ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து. பூச்சியின் நரம்பில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்கிக் கொல்லும். அதே நொதி நம் உடம்பிலும் இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஆபத்து என்று 2000-லேயே முடிவெடுத்து வீட்டு உபயோகத்திலிருந்து படிப்படியாக எடுத்துவிட்டார்கள். 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் உலக அளவில் ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலிலும், சில விதிவிலக்குகளோடு, சேர்த்தார்கள். நம் ஊரில் கட்டடக் கரையானுக்கு அது சர்வசாதாரணம். இதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

டாக்டர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கிலோ எடைக்குக் கணக்குப் பார்த்தால் சின்னக் குழந்தை நம்மைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றை இழுக்கிறது. தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. மருந்து கடைசியில் போய்த் தங்குவதும் தரைத் தூசியில்தான். ஆர்கனோபாஸ்பேட்டை உடைக்கும் பாராக்சோனேஸ் என்ற நொதி பிறந்த குழந்தையிடம் பெரியவர்களைவிட மிகக் குறைவு, வளர வளரத்தான் கூடும். இன்னொன்று, எதிர்ப்பு சக்தி பிறக்கும்போதே முழுசாக வந்துவிடுவதில்லை. "இது அதுக்குப் பள்ளிக்கூடம் போற வயசும்மா, எது எதிரி, எதை விட்டுடலாம்னு இப்பதான் கத்துக்குது" என்றார் டாக்டர். பிறந்த குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு இயல்பாகவே டிஹெச்-2 என்று சொல்லும் அலர்ஜிப் பக்கம் சாய்ந்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமிகளை எதிர்க்கும் பக்கம் திரும்பிச் சமன் ஆகும். அந்த நேரத்தில் குறுக்கே வருகிற ரசாயனங்கள் சாய்வை அப்படியே நிறுத்திவைக்கக்கூடும் என்பதுதான் கவலை. ரத்த வெள்ளையணுக்களிலேயே நரம்புச் செய்தியை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. ஆகவே நரம்பைத் தாக்கும் மருந்து எதிர்ப்பு சக்தியைத் தொடாமல் போகும் என்று சொல்ல முடியாது.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிக் குடும்பங்களின் குழந்தைகளைக் கருவிலிருந்தே பின்தொடரும் சாமகோஸ் என்ற ஆய்வு நடக்கிறது. இளம் வயதில் ஆர்கனோபாஸ்பேட் அதிகம் பட்ட குழந்தைகளுக்கு 5, 7 வயதில் இருமலும் மூச்சிரைப்பும் அதிகம், 7 வயதில் நுரையீரல் செயல்பாடும் குறைவு என்று அதில் தெரிந்தது. கினி எலிகளில் செய்த சோதனையில், விஷ அறிகுறி எதுவும் தெரியாத அளவு குளோர்பைரிபாஸே மூச்சுக்குழாயைச் சட்டென்று சுருங்க வைத்தது. 2015-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, வீட்டுக்குள் பூச்சிக்கொல்லி பயன்படுத்திய குடும்பக் குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோயும் லிம்போமாவும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இரண்டுமே எதிர்ப்பு அணுக்களிலிருந்து வரும் நோய். இது மிக அரிதான நோய் என்பதால் யாரும் இதைப் படித்து நடுங்க வேண்டாம், ஆனால் வீட்டு மருந்தை லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

"அந்த மருந்துதான் காரணம்னு நான் எழுதித் தர முடியாதும்மா" என்று டாக்டர் நேராகவே சொன்னார். எங்கள் சொந்தத்தில் ஆஸ்துமா உள்ளவர்களும் உண்டு. குளோர்பைரிபாஸ் முடக்கும் அந்த நொதியை ரத்தத்தில் அளக்கும் கோலினெஸ்டெரேஸ் டெஸ்ட் இருக்கிறது, ஆனால் அது சமீபத்தில் பெரிய அளவில் உடம்புக்குள் போனால்தான் காட்டும், மாதக்கணக்காகச் சிறுகச் சிறுகப் போனதைக் காட்டாது. கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை (சைபர்மெத்ரினும் இதே வகைதான்) சிறுநீரில் தெரியும், ஆனால் அதை ஆராய்ச்சிக் கூடங்களில்தான் அளக்கிறார்கள். இந்த நிலைமையைப் பயன்படுத்தி முடி டெஸ்ட், டீடாக்ஸ் பொடி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் ஒன்பதாயிரத்துக்கு பேக்கேஜ் சொன்னார். அந்தப் பணத்தை ஜன்னல் வலைக்குப் போட்டேன்.

ஜன்னல் வலைதான் நான் செய்ததிலேயே உருப்படியான செலவு. எல்லா ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் சேர்த்துப் பதினாலாயிரம் ஆயிற்று. கட்டிலுக்குக் கூடாரம் மாதிரி விரிக்கிற கொசுவலை எழுநூறு ரூபாய். கொசுவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், சென்னையில் டெங்கு எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் ஞாயிறுதோறும் ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, செடித் தட்டு, ஏசித் தண்ணீர் விழும் வாளி எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவுகிறேன். மாடித் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி அசோசியேஷனில் சண்டை போட்டேன். சுருளை அன்றே தூக்கிப் போட்டாயிற்று. 2003-ல் வந்த ஒரு ஆய்வில் ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். வீசிங் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை எப்படிக் கொளுத்துவது? லிக்விட் தவிர்க்கவே முடியாது என்றால், குழந்தை இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் போட்டு, அணைத்து, காற்றோட விட்டு அப்புறம் உள்ளே விடுங்கள். மூடிய ஏசி அறையில் இரவு முழுக்க ஓட விடாதீர்கள். கொசு ஊதுபத்தி வாங்கினால் அதன் மேல் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பதிவே இல்லாத மருந்து தோய்த்த பத்திகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன.

கரப்பானுக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். சிங்க் அடியில் ஒழுகும் குழாயைச் சரிசெய்து, ட்ரெய்னேஜ் ஓட்டைக்கு ஜாலி மூடி போட்டு, அலமாரி இடுக்கை அடைத்து, கைக்கு எட்டாத மூலையில் புள்ளி புள்ளியாக ஜெல் வைத்தாலே குறைந்துவிடும். ஜெல்லிலும் மருந்துதான் இருக்கிறது, ஆனால் காற்றில் பரவாது. கரப்பான் சாக்பீஸ் வாங்கவே கூடாது, குழந்தை அதை எடுத்துச் சுவரில் எழுதும். துணி அலமாரியில் அந்துருண்டை போடும் பழக்கத்தையும் விடுங்கள். ஜி6பிடி என்ற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு, அந்துருண்டை போட்ட துணியைப் போர்த்தினாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஆகக்கூடும். எலிக்கு அடைப்புக் கூண்டு போதும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்த இரவில், ஏசி அறையில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, யாராவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

கரையானுக்கு மருந்து தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது ஆட்களை உள்ளே விடும் முன்பே கேளுங்கள், வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். மருந்தின் ரசாயனப் பெயர் என்ன, எத்தனை சதவீதம், லேபிளில் சிஐஆர் என்று தொடங்கும் பதிவு எண் என்ன. பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லி, லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு வண்ணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் விஷம் குறைவு என்றுதான் பொருள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதன் 1971 விதிகள்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். ஹெர்பல் என்று சொன்னால் எந்த மூலிகை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அனுப்பிவிடுங்கள். குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் சில நாள் வேறு வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள். திரும்பியதும் எல்லாக் கதவையும் திறந்து, துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் பல முறை துடையுங்கள். பைரித்ராய்டுகள் வெயிலில் சீக்கிரம் சிதையும், வீட்டுக்குள் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால் மெத்தை, தலையணை, துணிப் பொம்மை எல்லாவற்றையும் மருந்து அடிக்கும் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். இதை என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் கடைசியில் அந்த வீட்டைக் காலி செய்தோம். ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையும் பெயின்ட் செலவும் பிடித்துக்கொண்டார்கள், இருபத்தெட்டாயிரம் போயிற்று. மருத்துவச் செலவோடு சேர்த்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டும். வாடகை வீடு பார்ப்பவர்கள், என் அனுமதி இல்லாமல் உள்ளே பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, அடித்தால் பெயர் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். புது வீட்டு ஓனர் அம்மா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

மகளுக்கு இப்போது நாலரை வயது. மழைக்காலத்தில் இன்னும் ஸ்பேசர் குழாய் வைத்து இன்ஹேலர் எடுக்கிறாள், டாக்டர் சொல்லாமல் நான் அதை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். ஆனால் ஆன்டிபயாடிக் இல்லாமல் பல மாதங்கள் போய்விட்டன. பாலும் முட்டையும் சாப்பிடுகிறாள், தோல் நன்றாக ஆறிவிட்டது. போன மாதம் அவள் பிரீகேஜி பள்ளியில் போய், எப்போது ஸ்ப்ரே அடிக்கிறீர்கள், என்ன மருந்து என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடித்துத் திங்கள் காலை திறக்கிறார்கள். அதை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றி, சனி ஞாயிறு ஜன்னலைத் திறந்து வைக்கச் சம்மதித்தார்கள். மருந்தின் பெயரை இன்னும் தரவில்லை, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மறுபடி கேட்கப்போகிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு மருந்து பட்டு வாந்தி, எச்சில் வடிதல், மூச்சு முட்டல் எது வந்தாலும் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையோ, லேபிள் போட்டோவையோ கையோடு எடுத்துப் போங்கள்.